மாப்பிள்ளை சைனா என்றுதான் சொன்னார்

"தைவானுங்க தம்பி, தைவான்! கேட்டு, கேட்டு, மறுக்காவும் கேட்டுத்தான் வாங்குனனுங்க. சைனான்னு எவன் சொன்னாலும் நானு ஒத்துக்க மாட்டேன். மாப்பிள்ளை சொன்னாலும் சரி, மாப்பிள்ளையப் பெத்த மகராசி சொன்னாலும் சரி... மொதல்ல உக்காருங்க. அட, அந்தச் சேர்ல வேண்டாமுங்க, அது காலு ஆடும். இதுல உக்காருங்க. மோரு குடிங்க. சைக்கிள் எங்க ஓடிப் போகுது? அதுதான் ஒடைஞ்சு கெடக்குதே!"

சைக்கிள் கம்பெனியின் கொச்சி அலுவலகத்திலிருந்து வந்திருந்த டின்டு என்னும் அந்த இளைஞன், வாசலில் செருப்பைக் கழற்றிய கணம் முதல் முழுதாக ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடித்ததில்லை. உடைந்த பிரேமைப் பார்ப்பது, படம் எடுப்பது, குற்றம் கம்பெனியுடையதா வாங்கியவருடையதா என்று மேலிடத்துக்குத் தெரிவிப்பது, இவ்வளவே அவன் வேலை. அந்தப் பிரேமோ, சக்கரங்களும் ஹேண்டில்பாரும் கழற்றப்பட்டு, பாலக்காட்டுப் பக்கத்துப் பெருமாட்டி ஊரில், தென்னந்தோப்பு வீட்டின் சிட்அவுட் திண்ணையில், பழனாத்தாளின் மடியில் குறுக்காகக் கிடந்தது. அதன் கழுத்தருகே, விரிசல் விட்ட இடத்தில், கறுப்பு டேப் நேர்த்தியாகச் சுற்றியிருந்தது. டின்டுவின் கை அந்த டேப்பை நோக்கி நீண்டபோதெல்லாம் பழனாத்தாள் அந்தக் கையில் ஒரு முறுக்கை வைத்தாள்.

"டின்டுங்களா பேரு? ஊட்ல கூப்பிடற பேருங்களா, ரேஷன் கார்டுலயும் அதானுங்களா? ...ஓ, அதேவா. செரி, செரி. நல்லாத்தான் இருக்குது. எம்பேச்சு வெளங்குதில்லீங்க? வெளங்காம என்ன, இந்தப் பக்கம் சோலிக்கு வர்றவங்க எல்லாத்துக்கும் வெளங்கும். நானும் மலையாளம் பேசுவனுங்க, ஆனா வாதாடோணும்னா எனக்குத் தமிழ்தான் வரும். இன்னிக்கு வாதாடோணுமில்ல?

"கேளுங்க. போன தீவாளி எம்மக ஸ்ரீஜாவுக்குத் தலை தீவாளி. மாப்பிள்ளை சாய்கிருஷ்ணா, மலை மேல பள்ளிவாசல்ங்கற ஊர்ல, பவர் ஹவுஸ்ல எஞ்சினியரு. நல்ல மனுசன், அதுல ஒண்ணும் கொறை சொல்ல மாட்டேன். சொல்லுவேன், அப்பறம் சொல்லுவேன். 'என்ன வேணும் மாப்பிள்ளை'ன்னு கேட்டமுங்க. மத்த மாப்பிள்ளைங்க செயின் கேப்பாங்க, மோதரம் கேப்பாங்க. இவரு மலையில ஓட்டற சைக்கிள் கேக்கறாரு! கார் இருக்குது, பைக் இருக்குது, பின்ன என்னத்துக்குங்க சைக்கிளு? அந்த மலையில சும்மா நடந்தாலே எனக்கு மூச்சு வாங்குது. இவரு அதுல மிதிச்சு மேல ஏறோணுமாமா. ஏறி? எறங்கறதுக்குங்க! எறங்கறதுக்கு எதுக்கு ஏறோணும்? கீழயே இருந்துட்டாப் போச்சு! ...சிரிக்கறீங்க. நானும் சிரிச்சேன், வாங்கற வரைக்கும்.

"பாலக்காட்டுல அப்துல் ஷுக்கூர் பாய் கடையிலதான் வாங்குனமுங்க. பாயி நல்ல மனுசன், ஆனா நேரா ஒரு பதில் சொல்ல மாட்டாரு. 'பாய், இது எந்த ஊர்ச் சரக்கு'ன்னேன். டிசைன் போட்டது அமெரிக்காவாமா. பிரேமு தைவானாமா. கியர் ஜப்பான் கம்பெனியாமா, ஆனா ஜப்பான்ல செய்யறதில்லையாமா. சீட்டு வேற ஏதோ நாடாமா. எல்லாத்தையும் கூட்டி மாட்டுனது நம்ம நாட்டுலயாமா! ஏனுங் தம்பி, ஒரு புள்ளை பொறந்தாக்கூட சர்ட்டிபிகேட்ல ஒரு ஊர் பேருதானுங்க எழுதறாங்க? இதுக்கு மட்டும் ஊர் ஊராப் பெத்தவங்க!

"பாயி சொல்றாரு, 'அக்கா, ஊருல என்ன இருக்குது? ஒரே பாக்டரில நாலு கம்பெனிக்குப் பிரேம் அடிக்கறான். சைனாவுலயும் முத்து முத்தா செய்யறவன் இருக்கான், தைவான்லயும் கண்ணை மூடிட்டுச் செய்யறவன் இருக்கான். வெல்டு வெச்சவன் யாரு, வெச்சதைச் சோதிச்சுப் பாத்தவன் யாரு, அதை மட்டும் கேளுங்க'ன்னாரு. நான் கேட்டனுங்க, 'ஏன் பாய், நாளைக்கு சம்பந்தியம்மா எங்க வாங்குனீங்கன்னு கேட்டா, சோதிச்சவன் நல்லவன்னா சொல்றது? நாலு பேரு முன்னால சொல்றதுக்கு ஒரு ஊர் பேரு வேணுமில்ல?' பாயி பில்லுப் போட ஆரம்பிச்சுட்டாரு!"

டின்டுவின் பார்வை முற்றத்துப் பக்கம் திரும்பியது. அங்கே தேங்காய் மூட்டைகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு மூட்டையிலும் பச்சை மையில் கொட்டை எழுத்துகளாய்ப் 'பொள்ளாச்சி' என்று அச்சிட்டிருந்தது. லாரியின் நிழலில் நின்றிருந்த பழனாத்தாளின் கணவர் துரைசுவாமி, தன் மனைவியின் குரல் எட்டாத தூரம் எது என்பதை நீண்ட இல்லறத்தில் கண்டறிந்து, அந்த எல்லையின் மீதே நின்றிருந்தார்.

"என்னுங்க அங்க பாக்கறீங்க? மூட்டையா? ஆமாங்க, பொள்ளாச்சின்னுதான் போட்டிருக்குது. காச்சது இங்கதான், இந்தத் தோப்புலதான். அது வேறைங்க தம்பி. பெருமாட்டின்னு போட்டா பம்பாய்க்காரனுக்கு எங்க இருக்குதுன்னு தெரியுங்களா? தேங்கா அதேதான், தண்ணி அதேதான், பொள்ளாச்சிக்காரன் மரமும் எம்மரமும் ஒரே காத்துலதான் ஆடுது. அது பொய்யில்லீங்க. அட்ரஸ்! ...நீங்க ஒண்ணும் சொல்லலைன்னு எனக்குத் தெரியுது. மனசுல சொல்றீங்க. இன்னொரு முறுக்கு எடுத்துக்கங்க.

"எங்க உட்டேன்? ஆங், சைக்கிளு. தீவாளியன்னிக்கு மாப்பிள்ளை முன்னால கொண்டாந்து நிறுத்துனமுங்க. பாத்தாரு. தொட்டுப் பாத்தாரு. குனிஞ்சு பாத்தாரு. 'தைவான் பிரேமுங்களா அத்தை'ன்னாரு, கண்ணுல தண்ணி வராத கொறை. அப்பறம் ஒரு வீடியோ காட்டுனாரு பாருங்க, அதுல ஒருத்தன் நல்ல நல்ல பிரேமை எல்லாம் ரம்பத்துல அறுத்து உள்ள காட்டறான். கெரகம்! அதுல என்னத்தைப் பாக்கறதுன்னு கேட்டா, 'உள்ள வெல்டு எவ்வளவு சுத்தம் பாருங்க அத்தை'ங்கறாரு. எனக்கு எல்லாம் குழாயாத்தான் தெரிஞ்சுது. ஆனா தைவான் குழாய்னு பெருமையா இருந்துச்சுங்க. ஊரெல்லாம் சொன்னேன். பால் சொசைட்டில சொன்னேன். பஸ்ஸுல பக்கத்துல உக்காந்தவகிட்டச் சொன்னேன், அவ எறங்கற ஊருக்கு முன்னாலயே எறங்கிட்டா.

"மாசி போச்சு, சித்திரை போச்சு, மனுசன் அதுலதான் ஏறறாரு, அதுலதான் எறங்கறாரு. தைவான் பிரேமுன்னா தைவான் பிரேமுதான், பாறையில உட்டாலும் தாங்குதுன்னு போன்ல சொல்லுவாரு. அப்படிச் சொன்ன மனுசன்! போன மாசம் சூரியநெல்லிப் பக்கம் கூட்டமாப் போயிருக்காங்க. எஸ்டேட் ரோட்டுல எறங்கறப்ப, நட்ட நடு எறக்கத்துல, 'டக்'குனு ஒரு சத்தமாமா. சைக்கிள் ஒரு பக்கம், மாப்பிள்ளை ஒரு பக்கம். தேயிலைச் செடிதானுங்க புடிச்சு நிறுத்துச்சு! மொகமெல்லாம் கீறலு. கொழுந்து கிள்ளிட்டிருந்த பொம்பளைங்க ஓடியாந்து, ஆளைச் செடியில இருந்து எடுத்து உட்டாங்களாமா. கையி காலு முறியலைங்க, எந்தச் சாமி புண்ணியமோ.

"அன்னிக்கே சம்பந்தியம்மா போனு. 'என்னங்க உங்க ஊட்டுச் சீரு இப்படிப் பண்ணிப்போட்டுது'ங்கறாங்க. எனக்கு எப்படி இருக்கும்? ஆனா அது கூடப் பரவால்லீங்க. அந்தம்மா அப்படித்தான், எங்கூட்டு அண்டாவுல கூட ஒரு சொட்டை கண்டுபுடிச்ச ஆளு. எனக்கு ஆறாதது மாப்பிள்ளை பேச்சுதானுங்க. ஆஸ்பத்திரியில கட்டுப் போட்டுட்டு வந்து, அவங்கம்மா முன்னாலயே, எம்மக முன்னாலயே, சாவகாசமாச் சொல்றாரு: 'அது சைனா பிரேமுங்க. கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான். சைனா பிரேமுன்னா இப்படித்தான் போகும்.'

"அத்தனை மாசம் தைவானு! ஒடைஞ்ச மறுநிமிசம் சைனா! ஏனுங் தம்பி, ஒடைஞ்சா நாடு மாறுமுங்களா?

"சரி, பிராது குடுத்தர்லாம் மாப்பிள்ளைன்னேன். 'வேண்டாமுங்க அத்தை'ன்னாரு. கம்பெனில கேப்போம்னேன். 'எதுக்குங்க அலையறீங்க, உடுங்க அத்தை'ன்னாரு. கடைசில, பழைய இரும்புக்குப் போட்டரலாம்ங்கறாரு! அலுமினியத்தை இரும்புக்குப் போடறாராமா, எஞ்சினியரு! எனக்குப் பொசுக்குனு வந்துச்சு பாருங்க கோவம். ஆக, நான் குடுத்தது மட்டச் சரக்குன்னு அவரே முடிவு கட்டிட்டாரு, அதைச் சோதிக்கவும் உடமாட்டேங்கறாரு. நேரா பள்ளிவாசல் போனேன். குவார்ட்டர்ஸ்ல கட்டலுக்கு அடியில, டேப்பு சுத்தி, சாக்குல மூடி வெச்சிருந்தாரு. எடுத்து மடியில வெச்சுட்டு பஸ் ஏறிட்டேன். மாப்பிள்ளை பஸ்ஸுக்குப் பின்னாலயே கொஞ்ச தூரம் ஓடியாந்தாரு. 'டேப்பைப் பிரிக்காதீங்க அத்தை, டேப்பைப் பிரிக்காதீங்க'ன்னு. என்ன அக்கறை பாருங்க, ஒடைஞ்சதுக்கு அப்பறம்!

"வர்ற வெள்ளிக்கிழமை இதே ஊட்ல எம்மகளுக்கு வளைகாப்புங்க தம்பி. சம்பந்தியம்மா ஒரு பஸ்ஸு புடிச்சு சொந்தபந்தம் ஒறம்பரையெல்லாம் கூட்டிட்டு வர்றாங்க. நாஞ் சொல்றது வெளங்குதுங்களா? எம்புள்ள கைக்கு ஒவ்வொருத்தியும் வளையல் போடறப்ப, 'தலை தீவாளிக்கு சைனா சைக்கிள் வெச்ச ஊடு இதானா'ன்னு ஒருத்தி காதோட ஒருத்தி சொல்லிச் சிரிச்சா, நான் அந்தச் சந்தனக் கிண்ணத்துலயே முழுகிப் போகோணும். எனக்குப் புது சைக்கிள் வேண்டாமுங்க. தைவான், அசல்னு உங்க வாயால ஒரு சொல்லு. அது போதும். ...நம்பரா? எங்க? பெடல் சுத்தற எடத்துக்கு அடியிலயா? பாருங்க, பாருங்க, நல்லாத் திருப்பிப் பாருங்க. நாஞ் சித்த நேரம் பேசல."

அவள் சொன்னபடியே பேசாமல் இருந்தாள். அந்த மௌனம் டின்டு கைப்பேசியில் எண்ணைத் தட்டி முடிக்கும் வரை நீடித்தது. அவன் திரையை அவள் பக்கம் திருப்பினான். பழனாத்தாள் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி, பிறகு ஏற்றி, பிறகு கழற்றிவிட்டே பார்த்தாள். ஆங்கில எழுத்துகளை அவள் கூட்டித்தான் படிப்பாள். ஆயினும் இந்தச் சொல்லை அவள் இந்த ஒரு மாதத்தில் எத்தனையோ வீடியோக்களின் கீழே பார்த்துப் பழகியிருந்தாள்.

"தைவான்! தைவானுங்களா? அசலா? டூப்ளிகேட் இல்லையே? ...ஏனுங்க! ஏனுங்க, இங்க வாங்க! லாரி கெடக்குது, வாங்க! தைவானாமா! ...வரமாட்டாரு. நல்லது நடக்கறப்பயும் வரமாட்டாரு. இருங்க தம்பி, சம்பந்தியம்மாவுக்கு ஒரு போனு போட்டுக்கறேன். ...அடிக்குது. ...அடிக்குது. ...எடுக்கல பாருங்க. சாப்பாட்டு நேரம். பரவால்ல, மிஸ்டுகால் பாத்துட்டு அவங்களே கூப்பிடுவாங்க. அந்தம்மாவுக்கு மிஸ்டுகாலை வெச்சுட்டு இருக்க முடியாது.

"செரி. தைவான்னு ஆயிப்போச்சு. அப்ப தைவான் பிரேமு எப்படிங்க ஒடையும்? அதுக்கு உங்க கம்பெனிதான் பதில் சொல்லோணும். நீங்க எதுக்குத் தயங்கறீங்க? டேப்பைப் பிரிக்கறதுக்குத்தான வந்தீங்க? மாப்பிள்ளை ஆயிரம் சொல்லுவாரு. கத்தி இதோ, தேங்கா கீறற கத்தி, பாத்து... குடுங்க, நானே அறுக்கறேன்.

"இந்த டேப்புக்கு அடியிலதானுங்க எங்க பேரு இருக்குது. ஆமாங்க, பேரு வெட்டாம சீரு குடுப்பாங்களா? பேரில்லாதது வாடகைப் பாத்திரமுங்க. கொடம், அண்டா, டிபன் கேரியர், தோசைக்கரண்டி வரைக்கும் எம்மக கொண்டு போனதுல பேரில்லாதது ஒண்ணு காட்டுங்க பாப்போம். சம்பந்தியம்மா ஊட்ல அவங்க பாத்திரத்தோட கலந்துரக் கூடாதில்ல? சைக்கிள் மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு? இங்க பக்கத்துச் சித்தூர்ப் பாத்திரக் கடையில பெரியமுத்துன்னு ஒருத்தன், உளி வெச்சு, சுத்தியலால தட்டித் தட்டிப் புள்ளி புள்ளியா வெட்டுவான் பாருங்க, அச்சடிச்சாப்பல இருக்கும். கரண்டு மெசின்ல வேண்டாம்னுட்டேன், அது கோழி கீறுனாப்பல இருக்கும், பெயிண்டுக்கு மேல தெரியாது. 'கொழா மெல்லிசா இருக்குதுங்கக்கா'ன்னான். 'மெல்லிசோ கனமோ, ஆழமா வெட்டு, கொடத்துக்குக் கழுத்தச் சுத்தி வெட்டறயல்ல, அதே மாதர சுத்தி வெட்டு, எந்தப் பக்கம் நின்னு பாத்தாலும் தெரியோணும்'னேன். என்ன அழகா வெட்டியிருக்கான்னு பாருங்க, இதோ வந்துருச்சு, இதோ..."

டேப்பின் கடைசிச் சுற்று உரிந்து வந்தது.

பெரியமுத்துவின் வேலை அழகாகவே இருந்தது. துரைசுவாமி, பழனாத்தாள், பெருமாட்டி, அன்பளிப்பு என்று குழாயின் கழுத்தைச் சுற்றி ஒரு மாலைபோல எழுத்துகள் ஓடின. தபால்தலைகளைப் பிரித்தெடுக்க இடும் துளைகளைப்போல ஒவ்வொரு எழுத்தும் நெருக்கமான புள்ளிகளால் ஆகியிருந்தது. அந்தப் புள்ளிகளைப் பிடித்துக்கொண்டே விரிசலும் ஓடியிருந்தது. துரைசுவாமியின் முதலெழுத்தில் தொடங்கி, ஒரு புள்ளியைக்கூடத் தவறவிடாமல், பழனாத்தாளின் பெயரை நெடுக்கப் பிளந்து, பெருமாட்டியைக் கடந்து, 'அன்பளிப்பு' என்ற சொல்லின் வாசலில் வந்து நின்றிருந்தது. அந்த ஒரு சொல் மட்டும் முழுதாக இருந்தது.

பழனாத்தாள் அதைப் பார்த்தாள். தன் பெயரை விரலால் தடவினாள். பிளவின் ஓரம் விரலில் உறுத்தியது. இது தைவானில் உடையவில்லை, சைனாவிலும் உடையவில்லை, சித்தூர்ப் பாத்திரக்கடை வாசலில், தான் நாற்காலி போட்டு உட்கார்ந்து 'இன்னும் ஆழமா' என்று சொல்லிக்கொண்டிருந்தபோதே உடையத் தொடங்கியிருக்கிறது என்பதை அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அதைவிட மெதுவாகத்தான் மற்றது விளங்கியது. தேயிலைச் செடியிலிருந்து எழுந்த மாப்பிள்ளை, முகத்து ரத்தத்தைத் துடைப்பதற்கு முன்பே இதைப் பார்த்திருக்க வேண்டும். தன் தாய் பார்த்துவிடுவதற்குள் டேப்பை எடுத்துச் சுற்றியிருக்க வேண்டும். மாமியார்மேல் வந்து விழ இருந்த பழியை, ஒரு தேசத்தின்மேலேயே தூக்கிப் போட்டிருக்கிறார் அந்த மனிதர். அவளோ அந்தப் பிரேமைப் பறித்து, பஸ்ஸில் கொண்டுவந்து, கொச்சியிலிருந்து ஆள் வரவழைத்து, டேப்பைத் தன் கையாலேயே அறுத்தும் விட்டிருக்கிறாள்.

முற்றத்தில் மூட்டை விழும் ஓசை கேட்டது. கிடைத்த இடைவெளியைப் பயன்படுத்திக்கொள்ள டின்டு வாயைத் திறந்தான்.

"பேசாதீங்க தம்பி. நீங்க வந்ததுல இருந்து பேசிட்டே இருக்கறீங்க. சித்த நேரம் மனுசியை யோசிக்க உடுங்க.

"...அந்த நம்பரை இன்னொருக்கா பாருங்க. நல்லாப் பாருங்க. பழைய போனு உங்களுது, கண்ணாடி வேற கீறியிருக்குது, ஒரு எழுத்து மாறி அடிச்சிருப்பீங்க. சைனாவாத்தான் இருக்கும். ...தைவான்னே காட்டுதா? எத்தனை தடவை காட்டுனாலுமா? போனுக்கு என்னங்க தெரியும்! மாப்பிள்ளை எஞ்சினியரு, அவரு ஏறி மிதிச்சவரு, அவரு சைனான்னு சொல்றாரு. உங்களை விடவா?

"இல்லீங்க, கம்பெனிக்கு நீங்க என்ன வேணா எழுதிக்கங்க. வாங்குனவங்க குத்தம்னு எழுதுங்க, பேரு வெட்டுனாங்கன்னு எழுதுங்க, நானு ஒண்ணும் சொல்ல மாட்டேன். இங்கிலீசுல எழுதுவீங்கல்ல? நல்லதுங்க, இங்கிலீசுலயே எழுதுங்க. படம் எடுக்கறீங்களா? எடுங்க. எம்பேரு தெரியற பக்கம் வேண்டாமே... ஓ, எல்லாப் பக்கமும் தெரியுதா. நாந்தான அப்படி வெட்டச் சொன்னேன். செரி, எடுங்க."

டின்டு படம் எடுத்தான். எடுத்து முடித்ததும், கேளாமலே, உரிந்து கிடந்த டேப்பை எடுத்து, ஓரங்களை நீவி, பெயர்களின்மேல் திரும்பச் சுற்றத் தொடங்கினான். அது பாதியில் ஒட்டாமல் பிரிந்தது. பழனாத்தாள் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, அவன் மறுமுனையை இழுத்துச் சுற்றினான். அப்போதுதான் நாற்காலியின் மேலிருந்த கைப்பேசி அலறியது. சம்பந்தியம்மாள்.

பழனாத்தாள் தொண்டையைச் செருமினாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். டேப்பின் முனையை விடாமலே மறு கையால் எடுத்தாள்.

"ஆங், சம்பந்தீங்களா... ஆமாங்க, நாந்தான் கூப்பிட்டனுங்க. சாப்பிட்டாச்சுங்களா? ...கம்பெனிக்காரரு வந்திருக்காருங்க. இதோ பக்கத்துலதான் உக்காந்திருக்காரு. பாத்துட்டாருங்க. நம்பரெல்லாம் போட்டுப் பாத்துட்டாரு. ...அதானுங்க சம்பந்தி. மாப்பிள்ளை சொன்னதேதான். சைனாங்க. ...சுத்த சைனா! நாங்க நல்லா ஏமாந்து போயிட்டமுங்க. ...ஆமாங்க, விசாரிக்காம வாங்குனது என் தப்புத்தானுங்க, நாலு பேரு முன்னால சொன்னாலும் நான் தலையக் குனிஞ்சுக்குவேன். வெள்ளிக்கிழமை வாங்க, நீங்களே உங்க வாயால சொல்லுங்க. ...இல்லீங்க, வேற வாங்கித் தர்றமுங்க, மாப்பிள்ளையவே கூட்டிட்டுப் போயி, அவரு கைகாட்டறதை வாங்கறேனுங்க. எந்த ஊரா இருந்தா என்னங்க, நல்லா இருந்தாச் செரி. ...என்னுங்க? ...பேருங்களா?"

அவள் டின்டுவைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்து டேப்பை நீவிக்கொண்டிருந்தான். அவன் தோள் லேசாகக் குலுங்கியது.

"பேரு வேண்டாமுங்க சம்பந்தி. அதுக்கெல்லாம் இப்ப யாருங்க பேரு வெட்டறாங்க? ஒரு ஸ்டிக்கரு ஒட்டிக்கலாமுங்க."